பெருங்குடல் புற்றுநோய்: மரபணுப் பரிசோதனைக்கு முன் அறிய வேண்டியவை

பெருங்குடல் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவியிருந்தால், மருந்தைத் தீர்மானிக்கும் முன் மரபணுப் பரிசோதனை செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. சேலம், நாமக்கல் பகுதி நோயாளிகளின் திசு இதற்காக வெளியூர் ஆய்வகத்துக்குச் செல்ல நேரலாம். அனுப்பப்படுவது, அறுவை சிகிச்சையிலோ பயாப்சியிலோ எடுத்து மெழுகில் பதித்த திசுவாகிய பாரஃபின் பிளாக்.

கட்டியில் கே-ராஸ் அல்லது என்-ராஸ் மரபணு மாற்றம் இருந்தால், கீமோதெரபியுடன் தரப்படும் செடுக்சிமாப், பானிடுமுமாப் ஆகிய விலையுயர்ந்த மருந்துகள் பலன் தருவதில்லை. ஏறத்தாழ 40 விழுக்காட்டு நோயாளிகளிடம் கே-ராஸ் மாற்றம் காணப்படுகிறது. 2009-இல் இப்பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டபோது, கே-ராஸின் 12, 13-ஆம் கோடான்களே பார்க்கப்பட்டன. பின்னரே பிற இடங்களும் என்-ராஸும் சேர்ந்தன. ஆகவே "மாற்றம் இல்லை" என்னும் அறிக்கையில், எவ்விடங்கள் ஆராயப்பட்டன என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிக.

பிசிஆர் முறை, முன்பே அறியப்பட்ட மாற்றங்களை மட்டும் விரைவாகத் தேடும். புதிய தலைமுறை வரிசையறிதல் பல மரபணுக்களை ஒருசேரப் படிக்கும். செலவும் நாள்களும் கூடுதல். எம்முறையாயினும், பிளாக்கில் புற்றுச் செல்கள் மிகக் குறைவாக இருந்தால் உள்ள மாற்றமும் தவறிப்போகலாம்.

எம்எம்ஆர் புரதச் சாயப் பரிசோதனை இவற்றினும் எளியது. அதில் குறைபாடு தெரிந்தால் இம்யூனோதெரபிக்கு வாய்ப்புண்டு. சிலரிடம் அது லிஞ்ச் எனும் பரம்பரை நோயைக் குறிப்பதால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஆலோசனை பெறுவது அவசியம்.

பிளாக்கை எழுத்துமூலம் கேட்டு, நோய்க்குறியியல் அறிக்கையின் நகலோடு பெறுக. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைக்க வேண்டாம், மெழுகு இளகிவிடக்கூடும்.