அடுக்களைக்கும் அளவு வேண்டும்

ஆண்டு மலருக்கு எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். "அடுக்களையைப் பற்றி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இயற்பியல் படிக்கும் மாணவன் அணுவைப் பற்றி எழுதலாம், விண்மீன்களைப் பற்றி எழுதலாம்; அடுக்களையைப் பற்றி எழுதலாமா என்பது அவர்கள் கேள்வி. எழுதலாம் என்பது மட்டுமல்ல, எழுதியே ஆகவேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு, தளம் போட்ட சிறிய வீடு ஒன்று கட்டினோம். அப்பாவின் இருபது ஆண்டுச் சேமிப்பும் கொஞ்சம் கடனும் அதில் கரைந்தன. பழைய வீட்டில் அம்மா தரையில் குந்தி, விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவர். புது வீட்டில் எரிவாயு அடுப்பு; நின்றுகொண்டு சமைக்க மேடை. அம்மாவுக்கு இனித் துன்பமில்லை என்று வீட்டில் எல்லோரும் பெருமை பேசினோம்.

மேஸ்திரி மேடையை இரண்டே முக்கால் அடி உயரத்தில் கட்டினார். எல்லா வீடுகளிலும் அவர் கட்டுகின்ற உயரம் அதுதான். அம்மாவின் உயரமோ நான்கு அடி ஒன்பது அங்குலம். உலைப்பானைக்குள் சோறு வெந்ததா என்று பார்க்க அவருக்கு எட்டவில்லை. ஆகையால் பழைய மணைப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைத்து வந்தார். அதை நாங்கள் தினமும் பார்த்தோம். யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை, அம்மாவுக்கும்கூடத் தோன்றவில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் காலையில் பானையை இறக்கும்போது பலகை புரண்டது. கொதிகஞ்சி அம்மாவின் இடக் கையில் கொட்டியது.

அம்மாவின் கை ஆறும்வரை பன்னிரண்டு நாட்கள் அடுக்களை என் பொறுப்பாயிற்று. அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே அங்கே போனவன் நான். முதல் இரண்டு நாட்களில் சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. மூன்றாம் நாள் ஆய்வுக்கூடப் பழக்கத்தில் நோட்டும் அளவு நாடாவுமாக உள்ளே போனேன்.

மேடை 33 அங்குலம். அதன்மேல் அடுப்பு 5 அங்குலம். அதன்மேல் பானை 9 அங்குலம். கூட்டினால் 47 அங்குலம். அம்மாவின் தோள் உயரமும் ஏறத்தாழ அதுவேதான். ஐந்து பேருக்குச் சோறும் கஞ்சியும் நிறைந்த பானையைத் தோள் உயரத்தில் பிடித்து இறக்குவது என்றால், நெம்புகோல் தத்துவம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமை உடலை விட்டு விலக விலகக் கைக்கும் முதுகுக்கும் பாரம் கூடுகிறது. வகுப்பில் இதற்குக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். வீட்டில் அதே கணக்கு நாள்தோறும் என் கண்முன் நடந்தது, எனக்குத் தெரியவில்லை.

நடையையும் எண்ணினேன். அரிசி டிரம் கூடத்து மூலையில். பாத்திரம் கழுவும் தொட்டி மேடையின் ஒரு கோடியில். அடுப்பு மறு கோடியில். தட்டுகள் எதிர்ச் சுவரில். எட்டடிக்கு ஆறடி அறைதான். ஆனாலும் ஒரு காலைச் சமையலுக்கு அறுபது தடவைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். சிறிய அடுக்களை என்பதால் வேலை குறைந்துவிடாது. பொருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால்தான் குறையும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெரும் வீட்டுத்திட்டம் ஒன்று நடந்தது. அதற்கு அடுக்களை வரைந்து கொடுத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாப் பெண்மணி. ரயில் உணவுப் பெட்டியின் குறுகிய சமையலறையில் எப்படி வேலை நடக்கிறது என்பதைப் பார்த்து அதிலிருந்து பாடம் கற்றார். அவர் வரைந்த அடுக்களையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். மாவுக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய சிறு இழுப்பறைகள், உட்கார்ந்து காய் நறுக்கச் சுழல் நாற்காலி, சாளரத்தின் அருகே வேலைப் பலகை எல்லாம் அதில் இருந்தன. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அந்த அடுக்களை அமைந்தது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அடுக்களை, இன்னொருவர் உள்ளே வந்து உதவ இடமில்லை என்ற குறையும் பின்னாளில் சொல்லப்பட்டது. அந்தக் குறையிலிருந்தும் நாம் பாடம் கற்க வேண்டும்.

பெயர் எழுதிய இழுப்பறைகளைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிதான். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரே மூடியின்கீழ். எண்ணெய் காய்ந்த பிறகு கடுகைத் தேடிப் பரணில் ஏற முடியுமா? நம் பாட்டிமார்கள் பட்டம் பெறாத பொறியாளர்கள் என்பதில் ஐயமில்லை. அந்தப் பெட்டியில் காட்டிய அறிவை அறைக்கும் காட்டினால் போதும்.

என் பன்னிரண்டு நாள் அனுபவத்தில் சில கருத்துகளைச் சொல்கிறேன். சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும். தரையிலிருந்து முழங்கைவரை அளக்க வேண்டும். காய் நறுக்கும் இடம் அதைவிட நான்கு அங்குலம் தாழ்ந்திருக்கலாம். அடுப்பு வைக்கும் இடம் இன்னும் ஐந்தாறு அங்குலம் தாழ வேண்டும். அடுப்பும் பானையும் சேர்ந்து உயர்கின்றன அல்லவா? தினமும் எடுக்கும் பொருள்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கட்டும். அரிசி, எண்ணெய் டின் போன்ற கனமானவை கீழே. பொங்கலுக்கும் விருந்துக்கும் எடுக்கும் பாத்திரங்கள் மட்டும் பரண்மேல். கடப்பைக் கல் தட்டுகள் ஓரடி ஆழத்துக்கு மேல் வேண்டாம். ஆழம் கூடினால் பின்னால் இருக்கும் டப்பா மறந்துபோகும். அடுப்புக்கு நேர்மேலே பொருள் வைக்கும் தட்டும் வேண்டாம். ஆவியில் பொடிகள் கட்டிதட்டும், எட்டி எடுக்கும்போது சேலை தீயில் படும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும். எனவே மேலே சாளரம் இருந்தால் மட்டும் போதாது. சிலிண்டர் இருக்கும் பக்கம் தரையை ஒட்டியும் காற்றுத் துளை வேண்டும். இது கொத்தனார் செலவில் ஒரு செங்கல்லை விட்டுவிடும் வேலைதான்.

ஆறடி அகல அறையில் இருபுறமும் இரண்டடி மேடை கட்டினால் நடுவே மிஞ்சுவது இரண்டடி. ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாது. ஒருபுறம் மட்டும் கட்டினால் நான்கடி கிடைக்கும்; இருவர் தாராளமாக நிற்கலாம். அந்த இரண்டாமவர் மகனாக இருக்கட்டும், கணவராக இருக்கட்டும். பிராங்பர்ட் அடுக்களையின் குறையை நாம் ஏன் திரும்பச் செய்ய வேண்டும்?

"இதெல்லாம் பணக்காரர் வீட்டுக் கதை" என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு தனிச் சாமான் அறை இல்லாத அடுக்களைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 54 சதுர அடி வேண்டும் என்கிறது. எங்களுடையது 48தான். இடம் குறைந்த வீட்டில்தான் அளவு அதிகம் தேவைப்படுகிறது. பரப்பை விதி சொல்லலாம். சமைப்பவரின் முழங்கை உயரத்தை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

"பெண்கள் பழகிக்கொள்வார்கள்" என்று வேறு சிலர் சொல்வார்கள். பழகிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். என் அம்மாவும் பலகைமேல் நிற்கப் பழகிக்கொண்டார். அப்பாவுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கிறோம்; சைக்கிள் வாங்கினால் ஆளுக்கேற்ப இருக்கையை ஏற்றி இறக்குகிறோம். வீட்டில் ஒருவர் நாளில் ஐந்து மணி நேரம் நிற்கும் இடத்துக்கு மட்டும் அளவு கிடையாதா? வீட்டின் முகப்புக்கு என்ன வண்ணம் என்று மேஸ்திரி அப்பாவைக் கேட்டார், என்னையும் கேட்டார். மேடையைப் பற்றி அம்மாவை அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குற்றத்தை மேஸ்திரிமீது மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை.

பதின்மூன்றாம் நாள் அப்பாவிடம் என் நோட்டைக் காட்டினேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர். "கணக்கு சரிதானாடா?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார். அடுப்பு வைக்கும் பகுதியின் கல்லை மட்டும் தனியே அறுத்தெடுத்து, கீழ்ச்சுவரில் இரண்டு வரிசைச் செங்கல்லைக் குறைத்து, மீண்டும் கல்லை வைத்துப் பூசினார். ஒருநாள் கூலி, அரை மூட்டை சிமெண்ட். அம்மா படப்போகும் துன்பம் முழுவதும் அந்த இரண்டு வரிசைச் செங்கல்லில் இருந்தது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நாளை நாம் சம்பாதித்து வீடு கட்டுவோம். அன்றைக்கு வரைபடத்தை விரிக்கும் முன், சமைக்கப் போகிறவரை அருகே அழைத்து நிற்கச் சொல்லுங்கள். அளவு நாடாவை எடுங்கள். அதற்கும் முன்னே, இந்த விடுமுறையில் ஒரு வாரம் நீங்களே அந்த இடத்தில் நின்று சமைத்துப் பாருங்கள். எந்த ஆய்வுக்கூடமும் கற்றுத்தராத பாடத்தை அந்த எட்டடி அறை கற்றுத்தரும்.

பலகை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. மாலையில் அம்மா அதன்மேல் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)