பிரம்பு கற்றுத் தராத பண்பு

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியரைப் பார்த்து, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று சொல்லி ஒப்படைப்பது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். மதரஸாவில் ஓத வைக்கும்போதும் உஸ்தாதிடம் இதே சொல் சொல்லப்படுகிறது. சொல்பவர் அதை ஆசிரியர் மீதுள்ள நம்பிக்கையின் அடையாளமாகவே கருதுகிறார். ஆனால் அருகில் நின்று அதைக் கேட்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றுதான் விளங்கும்: இந்தக் கட்டடத்திற்குள் தனக்கு வலித்தால், அதைப் பெற்றோரிடம் சொல்லிப் பயனில்லை.

கணக்கைத் தவறாகப் போட்ட பிள்ளைக்கு நாம் மீண்டும் ஒருமுறை சொல்லிக் கொடுக்கிறோம். எழுத்தைத் தவறாக உச்சரித்தால் திருத்தி உச்சரித்துக் காட்டுகிறோம். நடத்தை தவறும்போது மட்டும், கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் தண்டனை வந்து நிற்கிறது. நற்பண்பும் ஒரு பாடமே. அதையும் சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டி, பழக்கி, சரியாகச் செய்தபோது பாராட்டித்தான் வளர்க்க முடியும். 'ஓடாதே, கத்தாதே, சண்டை போடாதே' என்ற சொற்கள் எதைச் செய்யக் கூடாது என்பதை மட்டுமே சொல்கின்றன. எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளையே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி). உண்ணும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலைந்துகொண்டிருந்தது. அதைக் கண்ட நபியவர்கள் அச்சிறுவரைக் கடிந்துகொள்ளவில்லை. அல்லாஹ்வின் பெயர் கூறுவது, வலக்கரத்தால் உண்பது, தனக்கு அருகிலுள்ளதை உண்பது என மூன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றும் 'செய்' என்பவை. 'செய்யாதே' என்பது ஒன்றுகூட இல்லை. அதன்பின் தம் வாழ்நாள் முழுவதும் அவ்வாறே உண்டதாக அவரே அறிவிக்கிறார்.

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) தொழுகையின் நடுவே, தும்மியவருக்காக உரக்கப் பிரார்த்தித்துவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்தனர், தொடையில் தட்டி அவரை அமைதிப்படுத்த முயன்றனர். தொழுகை முடிந்ததும் நபியவர்கள் திட்டவில்லை, அடிக்கவில்லை, கடுமை காட்டவில்லை. தொழுகையில் எது உகந்தது என்பதை விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஓர் ஆசிரியரைத் தாம் கண்டதே இல்லை என்று அந்தத் தோழர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

நம் அறிஞர்களும் இவ்வழியையே வகுத்துள்ளனர். பிள்ளையிடம் நற்செயல் தென்படும்போது அதை மதித்துப் பரிசளித்துப் பிறர் முன்னிலையில் பாராட்ட வேண்டும். ஒருமுறை தவறினால் கண்டும் காணாதது போல விட்டுவிட வேண்டும். மீண்டும் தவறினால் தனிமையில் கண்டிக்க வேண்டும் என்கிறார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஓயாமல் ஏசினால் ஏச்சு பழகிப்போய், சொல் உள்ளத்தில் இறங்காது என்றும் அவர் எச்சரிக்கிறார். 14 ஆம் நூற்றாண்டின் இப்னு கல்தூன், கடுமையாக வளர்க்கப்படும் மாணவன் ஊக்கம் இழக்கிறான், அடிக்கு அஞ்சிப் பொய் சொல்கிறான், நாளடைவில் வஞ்சகமே அவன் இயல்பாகிவிடுகிறது என்று தம் 'முகத்திமா'வில் விளக்குகிறார். பிரம்பு ஓங்கப்படும் வகுப்பறையில் பிள்ளை முதலில் கற்பது, அகப்படாமல் தப்பும் கலையைத்தான்.

பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கலாம் என்ற நபிமொழி இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அந்த நபிமொழி ஏழு வயதிலிருந்து தொழுகையை ஏவச் சொல்கிறது. ஏழுக்கும் பத்துக்கும் இடையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேளைகள் உள்ளன. அத்தனை முறை அன்போடு அழைத்துச் சென்ற பெற்றோரிடமே அது பேசுகிறது. அப்போதும் காயமோ தழும்போ ஏற்படக் கூடாது, முகத்தில் அடிக்கக் கூடாது என்று மார்க்க அறிஞர்கள் வரம்பிட்டுள்ளனர். சூராவை மறந்ததற்கும் வீட்டுப்பாடம் எழுதாததற்கும் பிரம்பை எடுப்பவர் அந்த நபிமொழியைச் சான்றாகக் காட்ட இயலாது. நபியவர்கள் தம் கரத்தால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததில்லை என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் நம் கண்முன் இருக்க வேண்டும்.

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17 ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது என 2012 ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. இதை அடிப்பதற்கான அனுமதி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்க 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 75 ஆம் பிரிவு இருக்கிறது. அதைவிடப் பெரிய விசாரணை மறுமையில் இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர் சட்டத்திற்கு அஞ்சிக் கையை இறக்கும் காலத்தில், அல்லாஹ்வின் வேதத்தைக் கற்பிக்கும் இடத்தில் பிரம்பு ஓங்குமானால், அது நம் சமுதாயத்திற்குப் பெருமை தராது.

பிரம்பை வைத்துவிட்டால் ஒழுங்கு குலைந்துவிடும் என்ற ஆசிரியர்களின் அச்சத்தைப் புறக்கணிக்க இயலாது. பிரம்பு இல்லை என்பதற்கு வரம்பே இல்லை என்று பொருளன்று. சுவரில் கிறுக்கியவன் சுவரைத் துடைக்கட்டும். பிறர் பொருளை உடைத்தவன் அதைச் சரிசெய்ய உதவட்டும். தோழனைப் புண்படுத்தியவன் மன்னிப்புக் கேட்கட்டும். இவை பிள்ளையை அவமானப்படுத்தாமல், செய்த தவற்றை அவன் கையாலேயே சீர்செய்ய வைக்கின்றன. ஆண்டின் தொடக்கத்தில் மூன்று நான்கு விதிகளை மட்டும், 'இதைச் செய்வோம்' என்ற வடிவில் பிள்ளைகளுடன் சேர்ந்து எழுதி, பழக்கிக் காட்டினால், பின்னர் கத்த வேண்டிய தேவை பெரிதும் குறையும்.

குறும்பு என்று நாம் பெயரிடுவதன் காரணத்தையும் ஆராய வேண்டும். சுபுஹுக்குப் பின் மதரஸா, பகல் முழுவதும் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி என்று ஓடும் பிள்ளைக்குத் தூக்கம் எத்தனை மணி நேரம்? கரும்பலகை தெரியாத பிள்ளையும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் அதை மறைக்கவே சேட்டை செய்யக்கூடும். வாப்பா வளைகுடாவில் இருக்க, அவர் குரலைக் கைப்பேசியில் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளையின் கோபத்திற்குப் பின்னால் ஏக்கம் இருக்கலாம். இவற்றில் எதையும் பிரம்பால் தீர்க்க முடியாது.

பெற்றோராக நம்மால் செய்யக்கூடியவை பல. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தாய்மார்கள் அங்கே அமர்ந்து பேச வேண்டும். மஹல்லா ஜமாஅத்துகள் மதரஸாவுக்கென ஒரு நடத்தை நெறியை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். உஸ்தாதுமார்களுக்குப் போதிய ஊதியமும், பிள்ளைகளைக் கையாளும் பயிற்சியும் அளிக்க வேண்டும். அறுபது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நீதியாகாது.

பள்ளியில் விடும்போது சொல்லும் அந்தப் பழைய வாக்கியத்தையும் மாற்றுவோம். "இவனிடம் நல்லது எதைக் கண்டாலும் எங்களுக்குச் சொல்லுங்கள், தவறு கண்டால் எங்களையும் அழைத்துப் பேசுங்கள்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வோம். அவன் அமானிதம். அமானிதத்தை ஒப்படைப்பவர், அதை உடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஒப்படைப்பதில்லை.

நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், அவர்களுக்குக் கற்பிப்போரை மென்மையுடையோராகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.