ஜெல்லி மீன்கள் சொல்லும் சேதி

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம். இங்கிலாந்தின் தென்மேற்கே, கார்ன்வால் பகுதியின் ஃபால்மவுத் கடலோரத்தில் உயிரியலாளர் லிஸ்ஸி டேலியும் ஒளிப்பதிவாளர் டேன் அப்பாட்டும் கடலுக்குள் நீந்திக்கொண்டிருந்தார்கள். கலங்கிய நீருக்குள்ளிருந்து, ஏறக்குறைய ஓர் ஆள் அளவுள்ள ஜெல்லி மீன் ஒன்று மெல்ல மிதந்து வந்தது. அவர்கள் அஞ்சி விலகவில்லை. அதன் அருகிலேயே நீந்திப் படம் எடுத்தார்கள். அந்தக் காட்சி உலகெங்கும் செய்தியானது.

ஜெல்லி மீன் என்கிறோம். ஆனால் அது மீன் அல்ல. அதற்கு எலும்பு இல்லை, இதயம் இல்லை, மூளையும் இல்லை. உடலில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். ஆயினும் 50 கோடி ஆண்டுகளாக இந்த இனம் கடலில் வாழ்ந்து வருகிறது. ஃபால்மவுத்தில் காணப்பட்டது பீப்பாய் ஜெல்லி மீன் என்னும் வகை. மிதவை நுண்ணுயிர்களை உண்ணும் இதனால் மனிதருக்குப் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அந்நாட்டு மக்கள் இதற்கு வைத்துள்ள பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'குப்பைத்தொட்டி மூடி'!

தனியாக வந்தால் வியப்பு. ஜெல்லி மீன்கள் கூட்டமாக வந்தால் இடர். 2009 நவம்பரில் ஜப்பானின் சிபா கடற்பகுதியில், 200 கிலோ வரை வளரக்கூடிய நோமுரா வகை ஜெல்லி மீன்கள் நிறைந்த வலையை இழுத்தபோது, 10 டன் எடையுள்ள மீன்பிடிப் படகே கவிழ்ந்தது. நல்லவேளையாக, அதிலிருந்த மூன்று மீனவர்களும் காப்பாற்றப்பட்டனர். 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவ்லீன் அணுமின் நிலையத்தில், கடல்நீர் இறைக்கும் இடத்திலுள்ள வடிகட்டிகளை ஜெல்லி மீன்கள் அடைத்துக்கொண்டன. நான்கு அணு உலைகள் தாமாகவே நின்றுபோயின.

அப்படியானால் இவை நமக்கு எதிரிகளா? இவை கூடுவதும் குறைவதும் இயற்கையான சுழற்சியே என்பதை அறிவியலாளர்கள் மறுப்பதில்லை. ஆனால் பல இடங்களில் மனிதரின் கையும் இதில் இருக்கிறது என்கிறார்கள். இவற்றோடு இரைக்குப் போட்டியிடும் மீன்களை நாம் அளவுக்கு மீறி அள்ளிவிட்டோம். வயலிலிருந்து வழியும் உரம் கடலில் நுண்ணுயிர்களைப் பெருக்குகிறது. கடல்நீரும் சூடேறி வருகிறது. இவற்றை உண்டு வாழும் கடலாமைகளோ, மிதக்கும் நெகிழிப் பையை ஜெல்லி மீன் என்று நம்பி விழுங்கி மடிகின்றன. குப்பைத்தொட்டி மூடி என்று ஓர் உயிருக்குப் பெயர் வைத்தோம். கடலையே குப்பைத்தொட்டி ஆக்கியவர்கள் யார்?

இதன் விலையை முதலில் கொடுப்பவர் மீனவரே. மீன் விழவேண்டிய வலையில் ஜெல்லி மீன் விழுந்தால் வலை கிழிகிறது, கை எரிகிறது, அன்றைய உழைப்பு வீணாகிறது. கடல் சூடேறியதில் ஒரு சிறு படகுக்காரரின் பங்கு எவ்வளவு? மின்நிலையத்தின் இழப்பு செய்தியாகிறது. அவருடைய இழப்பு அவருடைய வீட்டு அடுப்போடு நின்றுவிடுகிறது.

ஜெல்லி மீன்களில் சில வகைகள் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் அவற்றைத் தொடாதிருப்போம். பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். அதே வேளையில், கடற்கரைக்குக் கொண்டுசெல்லும் பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருவோம். சந்தையில் மீன் விலை ஏறும்போது முணுமுணுக்கும் முன், அதைப் பிடித்து வந்தவரின் வலையில் அன்று வேறு என்ன விழுந்தது என்றும் எண்ணிப் பார்ப்போம்.