வேலை நாயின் வாலை வெட்டலாமா?

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது பழமொழி. ஆனால் இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நாய்கள் உண்டு. போலீசில் உண்டு. ராணுவத்தில் உண்டு. வேட்டைக்காரர்களுக்கு முன்னால் புதருக்குள் புகுந்து பறவைகளைக் கிளப்பி விடும் நாய்களும் உண்டு. இந்த வேலை நாய்களுக்குச் சட்டத்தில் ஒரு தனி இடம் இருக்கிறது. எதற்காகத் தெரியுமா? அவற்றின் வாலுக்காக!

பழைய வழக்கம்

நாயின் வாலை வெட்டுவது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. ஏறத்தாழ 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியில் கொலுமெல்லா என்பவர் விவசாயம் பற்றி நூல் எழுதினார். குட்டி பிறந்த 40-ம் நாள் வால் நுனியை எடுத்து விட்டால், அதற்கு வெறி பிடிக்காது என்று இடையர்கள் சொல்வதாக அதில் குறிப்பிடுகிறார்.

வெறிநோய்க்கும் வாலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நம்பிக்கை போய்விட்டது. வெட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. பிற்காலத்தில் அழகுக்காகவும் வெட்டினார்கள்.

சட்டம் சொல்வது என்ன?

2006-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு பிராணிகள் நலச் சட்டத்தை நிறைவேற்றியது. 2007 ஏப்ரல் 6-ந் தேதி முதல், இங்கிலாந்தில் அழகுக்காக நாயின் வாலை வெட்டுவது குற்றம் ஆயிற்று.

வேலை நாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. குட்டிக்கு 5 நாள் வயது தாண்டும் முன்பே வெட்டிவிட வேண்டும். மிருக வைத்தியர்தான் வெட்ட வேண்டும். அது வேலைக்குப் போகும் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும்.

ஸ்காட்லாந்து இன்னும் கண்டிப்பாக இருந்தது. அதே 2007-ல், வேலை நாய்க்கும் விலக்கு இல்லை என்று சொல்லி விட்டது.

இரண்டு கணக்குகள்

யார் செய்தது சரி? இரண்டு ஆராய்ச்சிகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன.

ஒன்று 2010-ல் வெளிவந்தது. பிரிட்டனில் வைத்தியரிடம் வந்த 1 லட்சத்து 38 ஆயிரத்து 212 நாய்களைக் கணக்கு எடுத்தார்கள். வாலில் அடிபட்டவை 281-தான். ஒரு நாயின் காயத்தைத் தடுக்க, சுமார் 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டி வரும் என்று கண்டார்கள்.

மற்றொன்று ஸ்காட்லாந்தில் நடந்தது. வேட்டை நாய் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தார்கள். 2010-11 வேட்டைக் காலத்தில், வால் வெட்டப்படாத ஸ்பானியல் நாய்களில் பாதிக்கு மேல் வாலில் காயம் பட்டதாக அவர்கள் தெரிவித்தார்கள். முள்ளுக்குள் புகுந்து ஓயாமல் வாலை ஆட்டுவதால் நுனி கிழிகிறது. ஆட்டிக்கொண்டே இருப்பதால் புண் ஆறுவதும் கஷ்டம். முற்றினால், வளர்ந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து வாலை எடுக்க வேண்டும்.

முதல் கணக்கு எல்லா நாய்களையும் பற்றியது. இரண்டாவது, முள்ளுக்குள் பாயும் நாய்களைப் பற்றியது. மடியில் தூங்கும் நாய்க்கும் புதரில் பாயும் நாய்க்கும் ஒரே கணக்குப் போட முடியுமா?

ஸ்காட்லாந்தும் இதை யோசித்தது. 2017-ல் சட்டத்தைத் தளர்த்தியது. ஸ்பானியல் போன்ற சில வேட்டை நாய்களுக்கு மட்டும், வாலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்கலாம் என்று அனுமதித்தது. இது நியாயமான நடுவழி. முள் கிழிப்பது நுனியைத்தான். முழு வாலையும் ஏன் எடுக்க வேண்டும்?

ஓட்டை எங்கே?

ஆனால் ஒரு ஓட்டை இன்னும் அடைபடவில்லை. 5 நாள் குட்டிக்குக் கண்கூடத் திறந்திருக்காது. அது வேட்டைக்குப் போகுமா, வீட்டில் விளையாடுமா என்று யாருக்குத் தெரியும்? ஒரே ஈற்றில் பிறந்த எட்டுக் குட்டிகளுக்கும் வால் போகலாம். பிறகு இரண்டு வேட்டைக்குப் போகும். ஆறு வீட்டு நாயாக விலை போகும். அந்த ஆறும் வாலை இழந்தது எதற்காக?

நாய்க்கு வாலும் ஒரு வாய்தான். சந்தோஷத்தையும் பயத்தையும் வாலால்தான் சொல்கிறது. காரணம் இல்லாமல் அதைப் பறிப்பது பாவம் அல்லவா?

இங்கிலாந்தின் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. தடைக்குப் பிறகு வால் வெட்டிய நாயை, கட்டணம் வசூலிக்கும் அழகுக் கண்காட்சியில் நிறுத்தக் கூடாது. பரிசு ஆசை அதோடு அடிபட்டுப் போயிற்று.

இன்னும் ஒரு படி போக வேண்டும். குட்டி வளர்ந்த பிறகு உண்மையில் வேலைக்குப் போயிற்றா என்று கேட்க வேண்டும். பெரும்பாலான குட்டிகளை வீட்டு நாயாக விற்பவருக்கு, அடுத்த ஈற்றில் அனுமதி தரக் கூடாது.

வேலையைக் காட்டித்தான் விலக்கு வாங்குகிறார்கள். அந்த வேலை நடந்ததா என்று பார்ப்பதும் சட்டத்தின் வேலைதான்.