எங்கே இறங்கி ஏறுவது?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் போய் இறங்கும் விமானம் இல்லாதபடியால், அங்கே குடியேறிவிட்ட மகனையோ மகளையோ பார்த்து வரப் புறப்படுகிற பெற்றோர் நடுவழியில் எங்கேனும் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த இடம் துபாயா, தோஹாவா, அபுதாபியா, பிராங்பர்ட்டா, லண்டனா என்று தீர்மானிக்கிறவர்கள் பெரும்பாலும் பிரயாணம் செய்யப்போகிறவர்கள் அல்லர். கணினித் திரையில் கட்டண வரிசைப்படி முதலாவதாக நிற்கும் டிக்கெட்டைப் பிள்ளை வாங்கி அனுப்பிவிடுகிறான். அவனுடைய அன்பில் குறைவேதும் இல்லை. எழுபது வயதான அம்மா முன்பின் பார்த்தறியாத ஒரு நிலையத்தில், தூக்கம் கெட்ட கண்களோடு, அடுத்த விமானத்துக்கு எந்த வாசல் என்று தேடி நிற்க நேரும் சிரமம் அந்தத் திரையில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனால்தான் இந்த விஷயத்தைச் சற்று விஸ்தாரமாக எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

ஒரு காலத்தில் இந்தத் தேர்வு பிரயாணியின் கையில் இருந்ததில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுவதற்கு வேண்டிய எண்ணெயைச் சுமக்கும் சக்தி அந்நாளைய விமானங்களுக்கு இல்லாமையால், அவை அயர்லாந்தின் ஷானனிலும் நியூஃபவுண்ட்லாந்தின் காண்டரிலும் இறங்கித்தான் போயின. அப்படிக் காத்திருந்த பிரயாணிகளை உத்தேசித்தே 1947இல் ஷானனில் உலகத்தின் முதல் தீர்வையில்லாக் கடை திறக்கப்பட்டது. இன்றோ எண்ணெயைவிட வியாபாரமும் ராஜ்யங்களின் சச்சரவுமே மார்க்கத்தை நிர்ணயிக்கின்றன. ஆசியாவுக்குப் போகக் குறுக்கு வழி என்று பெயர் பெற்றிருந்த ஹெல்சிங்கி, 2022இல் ருஷ்ய ஆகாயம் மூடப்பட்ட பிறகு அந்தப் பெருமையை இழந்தது. அங்கிருந்து 9 மணி நேரச் சொச்சத்தில் டோக்கியோ போய்ச் சேர்ந்த விமானத்துக்கு இப்போது 13 மணி நேரம் பிடிக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் ஆகாயத்தை நம்முடைய விமானங்களுக்கு மூடியபோது, ஏர் இந்தியாவின் அமெரிக்க விமானங்கள் சில எண்ணெய்க்காக வியன்னாவில் இறங்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி கத்தாரின் ஆகாயம் சில மணி நேரம் மூடப்பட்டபோது, தோஹாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு வேறு ஊர்களில் போய் இறங்கின. ஆகையால் எக்காலத்துக்கும் உத்தமமான நிலையம் என்று ஒன்றைச் சொல்லிவிட முடியாது. டிக்கெட் வாங்குகிற மாதத்தில் உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, பிரயாண நேரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை. சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து நியூயார்க்குக்கு 14 மணி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 16 மணி. பிராங்பர்ட் வழியாக நியூயார்க் போனாலோ ஏறக்குறைய 10 மணியும் 9 மணியுமாகப் பிரயாணம் சரிபாதியாகிறது. மேற்குக் கரைக்குப் போகிறவர்களுக்கு ஹாங்காங் வழியும் உண்டு; அதில் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். முழங்கால் வலியும் சர்க்கரை வியாதியும் உள்ளவர்கள் ஒரே நாற்காலியில் 16 மணி நேரம் கால் மடக்கி உட்கார்ந்திருப்பதைவிட, நடுவில் இறங்கிக் காலாற நடந்து, முகம் கழுவி, மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறுவது எவ்வளவோ மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். இரவு முழுவதும் விழித்துக் கிடக்கும் சுபாவம் வளைகுடா நிலையங்களுக்கு உண்டு. எந்நேரத்திலும் சூடாக ஒரு காபி கிடைக்கும். அந்தச் சௌகரியத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும் உடம்புக்கு வேண்டியது சரிபாதி.

இரண்டு விமானங்களுக்கு நடுவே உள்ள அவகாசத்தில்தான் அநேகர் ஏமாந்து போகிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. பிராங்பர்ட்டில் அது 45 நிமிஷம். அந்த நேரத்தை அனுசரித்து விற்கப்படுகிற டிக்கெட் விதிப்படி சரியானதே. ஆனால் அந்த 45 நிமிஷத்துக்குள் நடக்க வேண்டியவற்றைப் பாருங்கள். சக்கர நாற்காலி கேட்டிருக்கிறவர்கள் மற்ற எல்லோரும் இறங்கிப் போன பிறகே விமானத்தை விட்டு வெளியே வருகிறார்கள். நாற்காலி வந்து சேர வேண்டும். நீண்ட தாழ்வாரங்களைக் கடக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் என்பதால் அங்கே மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை. அம்மா பேத்திக்கென்று ஆசையாகக் காய்ச்சி, மேல்துணி சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கும் நெய் பாட்டில் அந்தச் சோதனையில் திரவம் என்று கணக்காகிக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடலாம்; ஊறுகாய்க்கும் அதே கதிதான். இரண்டையும் சென்னையிலேயே பெரிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். வயோதிகர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாத அவகாசம் வேண்டும் என்பேன். சக்கர நாற்காலிக்குக் கட்டணம் கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டால் போதும். நடக்க முடிகிறவர்கள்கூடக் கூச்சப்படாமல் கேட்டுக்கொள்ளலாம். வழி தெரியாமல் அலைவதும் ஓர் இயலாமைதானே!

மலிவான டிக்கெட்டுகளில் சில, உண்மையில் ஒரே டிக்கெட் அல்ல. இரண்டு கம்பெனிகளின் இரண்டு டிக்கெட்டுகளைச் சேர்த்துக் காட்டுபவை. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், இரண்டாவது கம்பெனிக்கு அதில் யாதொரு பொறுப்பும் இல்லை. பெட்டியும் கடைசி ஊர் வரைக்கும் தானாகப் போகாது. நடுவழி நாட்டில் அதை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைவதற்குப் பெரும்பாலும் விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் பிராங்பர்ட்டில் இறங்கி மியூனிக்குக்குப் போய் அங்கிருந்து அமெரிக்க விமானம் ஏறுவதாக அமைந்த மார்க்கத்தை நம்மவர்கள் தொடவே கூடாது. அந்த இடைப்பயணம் ஐரோப்பாவுக்குள் பிரவேசிப்பதாகவே கருதப்படும். ஒரே டிக்கெட்டில் போகிறபோது தொடர் விமானம் தவறினால், அடுத்ததில் ஏற்றி அனுப்புவது விமானக் கம்பெனியின் கடமை. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கு, காத்திருக்கும் வேளையில் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் விதி ஒன்றும் இருக்கிறது. அப்படியிருந்தும் ‘அடுத்தது’ எப்போது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஊருக்கு நாளுக்கு ஒரே விமானம் என்றால் முழு நாளும் போய்விடும். இரண்டு மூன்று உண்டென்றால் சில மணி நேரம்தான் நஷ்டம்.

பிள்ளைகள் எல்லோரும் நியூயார்க்கிலும் சிகாகோவிலுமா இருக்கிறார்கள்? ராலே, கொலம்பஸ் போன்ற ஊர்களில் இருக்கிறவர்களின் பெற்றோருக்கு அமெரிக்காவிலும் ஒரு மாறுதல் உண்டு. கடைசி ஊர் வரைக்கும் பெட்டியில் சீட்டு ஒட்டியிருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே குடியேற்ற விசாரணையை முடித்து, பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதே அங்கே பொதுவான வழக்கம். இருபது மணி நேரப் பிரயாணக் களைப்போடு இதைச் செய்வது சாமானியமல்ல. அபுதாபியில் 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்து இந்த விசாரணையை முடித்துவிடுகிறார்கள். அந்த வழியே போகிறவர்கள் அமெரிக்காவில் உள்நாட்டுப் பிரயாணிகளைப்போல இறங்கி நடக்கலாம். டப்ளினிலும் ஷானனிலும் இதே ஏற்பாடு உண்டு. அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் ஏற வேண்டியிருக்கிற முதியவர்களுக்கு மட்டும், நான் மேலே சொன்ன சரிபாதிக் கணக்கை விட்டுக்கொடுத்து அபுதாபியைச் சிபாரிசு செய்வேன். பிள்ளையின் வீடு பெரிய நிலையம் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரக் கார் தூரத்துக்குள் இருந்தால் அந்த உள்நாட்டு விமானமே வேண்டாம். அவன் காரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கட்டும்.

திரும்பி வரும் வழியைத் தனியாக யோசிக்க வேண்டும். டில்லியிலோ மும்பையிலோ இறங்கிச் சென்னைக்கு மாறுகிறவர்கள் பொதுவாக அங்கேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடக்க வேண்டியிருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் டில்லியின் மூடுபனி விமானங்களை மணிக்கணக்கில் நிறுத்தி வைத்துவிடும். பேரக் குழந்தைகளைப் பிரிந்து வருகிற துக்கத்தோடு அந்த அலைச்சலும் எதற்கு? ஆகவே திரும்புகாலில், நூறு டாலர் கூடுதலானாலும், வெளிநாட்டிலிருந்து நேராகச் சென்னை மீனம்பாக்கத்திலேயே கொண்டுவந்து இறக்கும் விமானத்தைத்தான் பெற்றோருக்கு வாங்கித் தர வேண்டும்.