தங்கவயல் குழந்தைகளின் பற்களை யார் காப்பது?

கர்நாடகத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் பொருத்தித் தர ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. 'தந்த பாக்கியா' என்ற பெயரில், சித்தராமையா முதல்முறை முதல்வராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால், அறுபது வயதில் பொய்ப்பல் தர முன்வரும் அரசு, ஆறு வயதில் முளைக்கும் அசல் பல்லைக் காக்க என்ன செய்கிறது? தமிழர்கள் பெருவாரியாக வாழும் கோலார் தங்கவயலுக்காக இக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

ஆறு வயதில் முளைப்பது முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். எந்தப் பால்பல்லும் விழாமலேயே அது பின்வரிசையில் வந்துவிடுவதால், பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். சொத்தை விழுந்தாலும், 'விழப்போகிற பல்தானே' என்ற அலட்சியம். உண்மையில் அது போனால் வேறு பல் முளைக்காது. பன்னிரண்டு வயதுச் சிறாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சொத்தைப்பல் இருப்பதை, இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நாடு தழுவிய அளவில் நடத்திய கணக்கெடுப்பே காட்டிவிட்டது.

கோலார் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு பேத்தமங்கலம் ஏரியில் இருந்து சுரங்க நகருக்குக் குடிநீர் வந்தது. பின்னர் மாவட்டமே ஆழ்துளைக் கிணறுகளை நம்ப வேண்டியதாயிற்று. ஆழம் கூடக் கூட ஃபுளோரைடும் கூடியது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால், பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் படியும். கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. நீரிலேயே இவ்வளவு இருக்கும்போது ஃபுளோரைடு பற்பசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விழுங்கும் ஃபுளோரைடு வேறு, பல்லின் மேல் படும் ஃபுளோரைடு வேறு. கறை படிந்த பல்லிலும் சொத்தை விழும். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு பசை வைத்துத் துலக்கி, துப்பச் செய்தால் போதும். அருகில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், அவ்வளவே. மாரிகுப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் பெற்றோருக்கு அதுவும் எளிதல்ல.

இங்கேதான் மத்திய அரசின் பொறுப்பு வருகிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அதற்குச் சொந்தமானது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியபோது, தலைமுறைகளாகத் தொழிலாளர் குடும்பங்களைக் கவனித்துவந்த சுரங்க மருத்துவமனையும் கைவிடப்பட்டது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பாழடைந்து கிடந்த அதே மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் சீராக்கிக் காட்டினார்கள். மனம் இருந்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சிகிச்சைக்குப் பெரும் செலவும் இல்லை. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மேல் தடவினால், துளையிடாமலேயே அது பரவுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். சொத்தை விழுந்த இடம் கறுத்துவிடும் என்பது ஒன்றே குறை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைப் பூசி அடைப்பதும் சில நிமிட வேலை. தங்கவயல் பெமல் நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்குச் செல்லும் மருத்துவக் குழுக்கள் பற்களையும் பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதாது. கல்லூரியின் பயிற்சி மருத்துவர்களை உடன் அழைத்துச் சென்று, ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலேயே சிகிச்சையை முடிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்கலாம். தங்கவயலின் 13 கழிவு மண்மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்துக்காக அவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. சுரங்கப் பகுதி மக்களின் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதிக்கு தில்லியே வகுத்த நெறிமுறை. மண்ணை அள்ளும் முன், அதில் தங்கவயல் பள்ளிகளுக்கான பங்கு எவ்வளவு என்பதைக் கோலார், பங்காருப்பேட்டை, தங்கவயல் மக்கள் பிரதிநிதிகள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.