ரைட் கிளிக்கில் ஒளித்து வைத்த கதவு

போன செமஸ்டர் களவேலைக்காகப் பழைய கலியாணக் கார்ட், நோட்டீஸ், கடிதம் என்று நானூறுக்கு மேல் ஸ்கேன் எடுத்தோம். ஒப்படைக்கிற நேரம், "ஃபைல் பெயர் எல்லாத்தையும் லிஸ்டாத் தாங்கோ" என்றார்கள். நாலு பேர் ரெண்டு இரவு கண்முழித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து டைப் பண்ணினோம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கூட்டாளியின்ர தம்பி வந்து காட்டினான். அதே ஃபோல்டருக்குள் ஷிஃப்டை அமத்திக்கொண்டு, வெறும் இடத்தில் ரைட் கிளிக் பண்ணினால் பவர்ஷெல்லை அங்கேயே திறக்கிற வரி ஒன்று வருகிறது. 'டிர் -நேம் > லிஸ்ட்.டிஎக்ஸ்டி' என்று ஆங்கிலத்தில் அடித்தான். ஒரு நொடியில் பட்டியல் ரெடி. சிரிக்கிறதா அழுகிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"கறுப்பு ஜன்னல் எல்லாம் ஐரி பொடியளின்ர விசயம்" எண்டுதான் நாங்களும் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள். உண்மையில் எங்களை மறித்தது கட்டளை இல்லை, வழிதான். ஸ்டார்ட் மெனுவில் திறந்தால் அந்த ஜன்னல் வேறெங்கோ நிற்கும். எங்கட ஃபோல்டருக்குக் கொண்டுவர முழு முகவரியையும் அடிக்க வேண்டும். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் என்றால் அங்கேயே கைவிட்டுவிடுவோம். ரைட் கிளிக் வரி அந்தச் சிக்கலை இல்லாமலாக்குகிறது.

அப்படியானதை ஏன் ஒளிக்க வேண்டும்? விண்டோஸ் 10 இல் ஷிஃப்ட் அமத்தாமல் அது தெரியாது. விண்டோஸ் 11 இல் 'டேர்மினலில் திற' என்று வெளிப்படையாகவே இருக்கிறது. எங்கட லாப்பில் இன்னும் 10 தான். சொந்த லப்டொப் என்றால் ரெஜிஸ்ட்ரியில், எங்கட பயனர் பகுதிக்குள் அந்த வரியை நாங்களே சேர்க்கலாம். லாப்பில் அதைத் தொடவே தேவையில்லை. ஃபோல்டரின் முகவரிப் பட்டையில் 'பவர்ஷெல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் போதும். தமிழ்ப் பெயர்கள் அந்த ஜன்னலில் கட்டம் கட்டமாய்த் தெரிந்தாலும், சேமித்த பட்டியலில் தமிழ் சரியாகவே இருக்கும்.

பயப்படவும் காரணம் இருக்கிறது. அங்கே அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அதனால் பிரதி எடுத்து வைத்துப் பழகுவோம். பட்டியல் எடுப்பதால் ஒரு ஃபைலுக்கும் ஒன்றும் ஆகாது.

முதலாம் வருடக் கணினி வகுப்பில் வேர்டும் பவர்பொயின்டும் படித்தோம். இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். அதுவரைக்கும், களவேலைக்குப் போக முதல் ஜூனியர்களுக்கு நாங்களே காட்டிக் குடுப்பம். ரெண்டு இரவு நித்திரையாவது அவைக்கு மிஞ்சட்டும்.